பஸ் நிழற்குடையில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர்

2006-ஆம் வருஷம், தை மாதம். பொங்கல் முடிந்து மரக்காணம் உப்பளத்தில் வேலை தொடங்கிய நேரம். அந்த உப்பளத்திலேயே ஒரு நாள்கூட மட்டம் போடாத ஆள் யார் என்று கேட்டால், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு என்னைத்தான் கை காட்டுவார்கள்.

பொய். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கும் என் மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “உண்மையைச் சொல்றதா இருந்தா சொல்லு. இல்லன்னா எனக்கு வேலை இருக்குது” என்கிறாள். எனக்கு எழுத வராது. கையெழுத்துப் போடச் சொன்னால் கட்டை விரலை நீட்டுகிற ஜாதி நான். பேனா அவள் கையில் இருப்பதால் உண்மையையே சொல்லித் தொலைக்கிறேன்.

பள்ளிக்கூடம் மாதிரியே எங்கள் வேலைக்கும் லீவு உண்டு. ஐப்பசியில் மழை இறங்கினால் உப்புப் பாத்தியெல்லாம் ஏரியாகிவிடும். தை பிறக்கும் வரை அங்கே வேலை கிடையாது. மற்றவர்கள் அந்த மாதங்களில் கட்டட வேலை, அறுப்பு வேலை என்று எங்கேயாவது போவார்கள். நானும் போவேன். “வேலை இருக்குதா?” என்று மெதுவாகக் கேட்பேன். அவர்கள் காதில் விழுவதற்குள் திரும்பி வந்துவிடுவேன்.

அந்த வருஷம் மழை பேய் மழை. பள்ளிக்கூடத்துக்கும் அடிக்கடி லீவு விட்டார்கள். அது முடிந்தால் அரையாண்டு லீவு, அது முடிந்தால் பொங்கல் லீவு. என் மகள் அப்போது பத்தாவது. பங்குனியில் பெரிய பரீட்சை. அவள் புத்தகப் பை சுவரில் ஆணியில் தொங்கியது தொங்கியபடியே இருந்தது. அதன் மேல் என் சட்டையைக்கூட மாட்டி வைத்திருந்தேன்.

பொங்கல் முடிந்ததும் ஊரே வேலைக்குப் போனது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகவில்லை. என் மனைவி விடியும் முன்பே நெல் அறுப்புக்குப் போய்விடுவாள். அவள் தலை மறைந்ததும் நான் இந்தப் பக்கம் போர்த்திக்கொண்டு படுப்பேன், மகள் அந்தப் பக்கம் படுப்பாள். ஒரு நாள் அவளுக்கு வயிற்று வலி. இன்னொரு நாள் யூனிஃபார்ம் காயவில்லை. மறுநாள், “முத வாரம் ஒண்ணும் நடத்த மாட்டாங்கப்பா.” எனக்குக் கோபம் கோபமாக வரும். படுத்துக்கொண்டே திட்டுவேன்.

“எழுந்து ஸ்கூலுக்குப் போடி!”

“நீ எழுந்திரு, நானும் எழுந்திரிக்கிறேன்.”

எனக்காவது ஒரு காரணம் இருந்தது. மழைக்காலத்தில் சும்மா இருந்து பாதம் பூ மாதிரி ஆகிவிடும். தையில் முதல் வேலை, மழைத் தண்ணீரை வடித்துவிட்டு, பாத்தியின் அடித்தரையை வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்து இறுக்குவது. அந்தப் பூப்பாதத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் ஊசியால் குத்துவது போல இருக்கும். நாள் முழுக்க மிதித்தாலும் கண்ணில் ஒரு கல் உப்பு தெரியாது. உப்பு வர மாசி ஆகும். யாருக்குப் போகத் தோன்றும், நீங்களே சொல்லுங்கள்.

ஒரு வாரம் கழித்து என் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மகள்கூடப் படிக்கும் பக்கத்துத் தெருப் பெண் வந்து, “இந்த வாரத்துக்குள்ள வரலன்னா பரீட்சைக்கு உக்கார முடியாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். என் மனைவி அறுப்பு அரிவாளோடு வாசலில் நின்றபடியே எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

“யோவ், இன்னாய்யா நெனச்சிக்கிட்டிருக்க? பொண்ணு கெடக்குறாளேன்னு பாத்தா, அவளுக்குத் துணைக்கு நீ கெடக்குற!”

“ஒடம்பு சரியில்லடி.”

“ஒடம்பு சரியாத்தான் இருக்குது. உள்ள இருக்கிற ஆளுதான் சரியில்ல.”

அதோடு விடவில்லை. அவள் தங்கை ஆரோவில் பக்கம் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். அங்கே பாத்திரம் கழுவ, வீடு பெருக்க ஒரு பெண் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை தங்கை வருவாள், படிக்காதவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போவாள் என்று சொல்லிவிட்டாள். நான் மகள் முகத்தைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ, “சித்தி வூட்டுல டிவி இருக்குது இல்ல?” என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் முழுக்க மகளுக்கு உபதேசம் செய்தேன். படிப்பு கண் மாதிரி என்றேன், விளக்கு மாதிரி என்றேன், இன்னும் என்னென்னவோ மாதிரி என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஊரெல்லாம் சிரிக்க வைத்தே பழகியவன் ஒரு நாள் உண்மையாகப் பேசினால் இதுதான் கதி. நெஞ்சு வெடிக்கச் சொன்னாலும், “அப்பா இன்னொரு வாட்டி சொல்லு, நல்லா இருக்குது” என்கிறார்கள்.

மறுநாள் காலை நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். நான் தூக்குச்சட்டியோடு, அவள் பையோடு. என் மனைவி திருஷ்டி கழிக்காத குறையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் உப்பளம் பக்கம் திரும்புகிற மாதிரித் திரும்பி, கருவேல மரங்களுக்கு நடுவே புகுந்து, கடற்கரைச் சாலையில் அனுமந்தைக்குப் போகும் வழியில் ஒரு பஸ் நிழற்குடை இருக்கிறதே, அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊர் ஆட்கள் அங்கே வரமாட்டார்கள். பஸ் எப்போதாவதுதான் நிற்கும். நாளைக்கு எப்படியும் போய்விடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பீடி பற்றவைத்தேன்.

ரெண்டு இழுப்புதான் இழுத்திருப்பேன். யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே நிழற்குடைக்குள் நுழைந்தது. என் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரிச் சாய்ந்தேன். எத்தனை புத்திசாலி பாருங்கள். முகத்தை மூடியவன் தூக்குச்சட்டியை மடியில் வைத்திருந்தேன். அதன் மூடி நசுங்கிய விதம் எங்கள் வீட்டுக் கோழிக்குக்கூடத் தெரியும்.

பிறகு அந்தப் பக்க ஓரத்திலிருந்து குரல் வந்தது.

“உப்பளம் லீவா?”

துண்டுக்குள்ளிருந்தே கேட்டேன். “ஸ்கூலு லீவா?”

பாண்டிச்சேரி போகும் பஸ் ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏம்பா, ஏறுறீங்களா இல்லியா?” நான் துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டேன், அவள் பைக்குள் எதையோ தேடினாள். “காலங்காத்தால வந்து உக்காந்துக்கிட்டு உயிர எடுக்குறானுங்க” என்று விசில் ஊதிவிட்டுப் போனார்.

அடிக்கலாம் என்றால் எந்த மூஞ்சியோடு அடிப்பது? அவளும் அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்ட முடியாது. வேறு வழியில்லாமல் தூக்குச்சட்டியைத் திறந்தேன். மத்தியானத்துக்கு வைத்திருந்த பழைய சோறும் கருவாடும் காலையிலேயே காலியானது.

சாப்பிட்டு முடித்ததும், “யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா? டீச்சர் அடிச்சாங்களா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. புக்கைத் தொறந்தாலே கொட்டாவி வருது. எங்க உட்டேன்னே தெரியல. எல்லாரும் எங்கயோ போயிருப்பாங்க. நடுவுல போயி நான் மட்டும் முழிச்சிக்கிட்டு உக்காரணும். மனசு வந்தா போலாம்னு பாக்குறேன். வர மாட்டேங்குது.”

எரிச்சலாக இருந்தது. ஒரு பெரிய கஷ்டம் இருந்தால் போய்ச் சண்டை போடலாம், யார் காலிலாவது விழலாம். கொட்டாவியோடு யார் சண்டை போடுவது? சிரிக்க வைத்தாவது சமாளிக்கலாம் என்று பேச்சை ஆரம்பித்தேன்.

“நான் ஏன் படிக்கல தெரியுமா? ரெண்டாவது படிக்கும்போது பொங்கலுக்கு லீவு உட்டாங்க. லீவு முடிஞ்சி எல்லாரும் போனாங்க. கரும்பு இன்னும் தீரல, நாளைக்குப் போலாம்னு நெனச்சேன். மறுநாள், நேத்து ஏன் வரலன்னு வாத்தியாரு கேப்பாரே, நாளைக்குப் போலாம்னு நெனச்சேன். அப்படியே நாளைக்கு நாளைக்குன்னு…” நான் சிரித்துக்கொண்டே முடித்தேன். “இன்னும் அந்த லீவுலதான் இருக்கிறேன். முடியவே இல்ல.”

இப்படி ஒன்று சொன்னால் அவள் சத்தம் போட்டுச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி, அது என் காதிலேயே விழுந்த பிறகுதான், அது ஜோக் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

“எழுந்திருப்பா” என்றாள்.

“எங்க?”

“உப்பளத்துக்கு. நீ தண்ணில கால வைக்கிறத நான் பாக்கணும். அப்புறம் நான் போறேன்.”

“நீ முதல்ல போ.”

“உன்ன நம்ப முடியாது.”

உண்மைதானே. எழுந்து நடந்தேன். உப்பள வரப்பில் நான் முன்னால், பையைச் சுமந்துகொண்டு அவள் பின்னால். பாத்தியில் மிதித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள்.

“இன்னாடி, உங்கப்பன பள்ளிக்கூடத்துல சேக்க வந்தியா?” என்று ஒரு அம்மா கேட்டது.

“ஆமாக்கா. அழுவாம பாத்துக்கங்க.”

மேஸ்திரி விடுவாரா? “டேய், பால் பாட்டிலு எடுத்தாந்தியாடா? மூக்கு ஒழுவுனா நான் தொடைக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

உப்பளமே குலுங்கிச் சிரித்தது. வேறு நாளாக இருந்தால் நான் பத்து பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் அடியிலேயே உச்சந்தலை வரை சுரீர் என்றது. ‘ஐயோ’ என்று கத்திவிட்டேன். அதற்கும் சிரித்தார்கள். போய் வரிசையில் நின்று மிதிக்க ஆரம்பித்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, வரப்பில் நடந்தாள்.

அந்த வரப்பு சாலையில் போய் முட்டும். இடது பக்கம் போனால் பள்ளிக்கூடம். வலது பக்கம் போனால் மறுபடியும் அந்த நிழற்குடை, சித்தி வீட்டுக்குப் போகும் பஸ். அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். ஆனால் இந்த வேலையில் பாத்தி ஓரம் வந்ததும் வரிசை மொத்தமாகத் திரும்ப வேண்டும். சரியாக அவள் சாலையில் ஏறும் நேரம் வரிசை திரும்பித் தொலைத்தது. நான் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது சாலையில் ஒரு ஆட்டு மந்தை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கு நான் மிதித்த மாதிரி வாழ்க்கையில் மிதித்ததில்லை. எரிச்சல் எல்லாம் காலில் இறங்கியது. மேஸ்திரியே, “டேய், மெதுவா. பாத்தி பாதாளத்துக்குப் போயிடப் போவுது” என்றார். மத்தியானம் சாப்பிடச் சோறும் இல்லை, அதைத்தான் காலையிலேயே முடித்தாயிற்றே. அந்த அம்மாதான் தன் சோற்றில் பாதியைத் தந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மகள் இல்லை. ஆணியில் பையும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு மற்ற பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டன. என் மனைவி அறுப்பிலிருந்து வந்து, “எங்கய்யா அவ?” என்று கேட்டாள். “வருவா” என்றேன். பஸ் ஏறிவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டேன். காலையில் அவளை விட்டுவிட்டு நான் ஏன் முதலில் தண்ணீரில் இறங்கினேன் என்று என்னையே திட்டிக்கொண்டு வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தாள். முகம் கருத்து, தலை கலைந்து, எரிமலை மாதிரி வந்தாள். பையைத் தூக்கி மூலையில் எறிந்தாள்.

“காலையில பூரா வெளிய நிக்க வச்சிட்டாங்க. அப்புறம் ஸ்பெஷல் கிளாஸ் வேற. கணக்கு ஒரு எழவும் புரியல. நாளைக்கு நான் போவ மாட்டேன்!”

நாளைக்குப் போக மாட்டேன் என்று ஒருத்தி கத்தியதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். இன்றைக்குப் போனவள்தானே நாளைக்குப் போக மாட்டேன் என்று சொல்ல முடியும்! என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “உப்புத் தண்ணி பட்டிடுச்சி” என்று துடைத்துக்கொண்டேன். “நானும் நாளைக்குப் போவ மாட்டேன். காலப் பாரு” என்று பாதத்தைக் காட்டினேன். சிவந்து வெடித்திருந்தது. அவள் தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து என் முன்னால் ணங் என்று வைத்தாள்.

மறுநாள் இரண்டு பேருக்கும் போகப் பிடிக்கவில்லை. போனோம். அதற்கு அடுத்த நாளும் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் சித்தி வந்தாள், மீன் குழம்பு சாப்பிட்டாள், தனியாகவே பஸ் ஏறிப் போனாள். மாசியில் பாத்தியில் உப்பு பூத்தது. அவளுக்கு மட்டும் அப்படி ஒரு நாளில் எல்லாம் பூத்துவிடவில்லை. கணக்கைக் கடைசி வரை திட்டிக்கொண்டேதான் படித்தாள். ஆனால் பாஸ் பண்ணிவிட்டாள்.

இப்போது பதினொன்றாவது போகிறாள். போகப் பிடித்துத்தான் போகிறாயா என்று நான் கேட்பதில்லை. அவளும் என்னைக் கேட்பதில்லை. கேட்டால் இரண்டு பேரும் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவோமோ என்று ஒரு பயம்.

கணக்கில் அவள் எத்தனை மார்க் வாங்கினாள் தெரியுமா? அதைச் சொல்லலாம் என்று பார்த்தால் எழுத மாட்டேன் என்று பேனாவை மூடுகிறாள். தெருவில் மேஸ்திரி வேறு சைக்கிளை நிறுத்திவிட்டு மணி அடிக்கிறார். “டேய், உப்பு லாரி வந்து நிக்குது, மூட்டை தூக்க ஆளு இல்ல. அப்பனும் பொண்ணும் இன்னாடா குசுகுசுன்னு? வாடா!” என்கிறார். சத்தியமாகப் போகப் பிடிக்கவில்லை. ஆனால் போகப் பிடிக்கும் நாளுக்காகக் காத்திருந்தவனுக்கு ஒரு பொங்கல் லீவு எவ்வளவு நீளம் ஆனது என்று அந்த நிழற்குடையில் தெரிந்த பிறகு, யார் கூப்பிட்டாலும் திட்டிக்கொண்டேயாவது எழுந்துவிடுகிறேன்.