வாசலில் வெந்நீர் வைத்தவர்

அண்ணனைப் பற்றி அவருடைய நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அண்ணி கேட்டபோது உடனே சரி என்றேன். பள்ளியில் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பவள், இவளுக்கு எளிதாக வரும் என்று அவர் நினைத்திருப்பார். வரவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் போகிறேன். திரும்பி வந்து, என் மகள் நிவேதா எங்கே இருக்கிறாள் என்று போன் செய்கிறேன். அவள் எங்கே இருப்பாள் என்பது தெரிந்தேதான் கேட்கிறேன். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்தவள், ஆம்பூரில் அண்ணனின் ஓட்டல் ஷட்டருக்கு எதிரே நின்றுகொண்டிருப்பாள். ஷட்டரின் சாவி என் கைப்பையில் இருக்கிறது. இதை எழுதி முடிப்பதற்குள் அந்தச் சாவியைப் பற்றியும் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

அண்ணன் பிறந்தது மாதனூரை ஒட்டிய ஒரு சிற்றூரில். அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறப்போட்டு எடுக்க வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் அந்த வாசனை அப்பாவின் கையை விட்டுப் போகாது. ஒருமுறை பண்டிகைக்குத் துணி எடுத்துவிட்டு எங்கள் இருவரையும் ஓட்டலுக்கு அழைத்துப் போனார். தெருவைப் பார்த்த மேசையில் ஆசையாக உட்கார்ந்தோம். சர்வர் வந்து, “பெரியவரே, கொஞ்சம் பின்னாடி போய்டுங்க. பக்கத்துல சாப்புடுறவங்க வாசனை வருதுன்றாங்க” என்றார். அப்பா சண்டை போடவில்லை. பின்னால் போய் உட்கார்ந்து, தோசை வரும்வரை இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் தோசை வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அண்ணனும் ஷூ கம்பெனிக்குப் போனார். அடிப்பாகம் ஒட்டும் பிரிவு. அவர் கையில் பசை வாசனை ஏறியது. நான் ஆசிரியர் பயிற்சியை முடித்தது அந்தக் கைகளால்தான். எனக்கு வேலை கிடைத்த பிறகே அவர் கம்பெனியை விட்டு நின்று, கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் சாலையில் ஓட்டலைத் திறந்தார். ஓட்டலின் பெயரை இங்கே எழுதத் தேவையில்லை. நீங்கள் எல்லோரும் அந்தப் போர்டுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள்தான்.

சமையலுக்கு அண்ணனின் பள்ளித் தோழர் கரீம் பாய் வந்து சேர்ந்தார். கடைக்கு மேசை வாங்குவதற்கு முன்பே அண்ணன் வாசலில் வரிசையாகக் குழாய் வைத்து, வெந்நீருக்கு பாய்லரும் பொருத்தியதைப் பார்த்து அவர் கேலி செய்தாராம்.

“இன்னாப்பா இது, ஓட்டலா, குளிக்கிற எடமா?”

“கை கழுவறதுக்கு யாரும் பின்னாடி போவக் கூடாது பாய். இங்கயே கழுவிட்டு எந்த மேஜைல வேணா உக்காரட்டும்.”

“எலுமிச்சம்பழம் வேற அறுத்து வெக்கிறே. பிரியாணிக்கு எடுத்து வெச்சத கைக்கு குடுக்குற ஒரே மொதலாளி நீதான்.”

வெந்நீரிலும் எலுமிச்சையிலும் வாசனை முழுவதும் போய்விடாதுதான். ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருகிறவர் தயங்காமல் வந்தார். வேலை விட்டு வரும் பெண்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து இறங்குவார்கள். கழுவிய கைகளை ஒருவருக்கொருவர் முகர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். யாரும் முறைக்காமல், எழுந்திருக்கச் சொல்லாமல், அவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடும் இடம் அப்போது அந்தச் சாலையில் அது ஒன்றுதான்.

அடுத்து வேலூரில் ஒரு கடை. பிறகு ராணிப்பேட்டை, குடியாத்தம், கடைசியாகக் காட்பாடி. ஐந்து கடைகளுக்கும் ஒரே பெயர். அந்த ஆண்டுகளில் அண்ணன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. “பாப்பா, ஒரு வாய் காபி குடு, நின்னுக்கினே குடிச்சிட்டு போய்டறேன்” என்பார். டம்ளரைக் கீழே வைக்கும்போதே கார் சாவியை எடுத்துவிடுவார். உறவில் யார் வீட்டுத் திருமணமானாலும் பந்தி அவர் பொறுப்பு. அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. நிவேதா பள்ளி விடுமுறைகளை அவர் காரில்தான் கழித்தாள்.

காட்பாடிக் கடையை வடிவமைத்தவர், வாசலில் குழாய் வேண்டாம், பார்வைக்கு நன்றாக இராது என்றார். கல்லூரிப் பிள்ளைகள் வரும் கடை, அவர்களுக்கு அது தேவையில்லை என்று அண்ணனும் ஒப்புக்கொண்டார். அதில் தவறு ஒன்றும் இல்லை. அதன் பிறகு, ஐந்து கடைகளும் ஒரே மாதிரி இருந்தால்தான் பெயர் நிற்கும் என்று பலர் சொன்னார்கள். அண்ணன் ஐந்தாவது கடையைப் பார்த்து முதல் கடையை மாற்றினார். ஆம்பூரில் கண்ணாடிக் கதவும் சோபாவும் வந்தன. கை கழுவும் இடம் சமையலறையைத் தாண்டிப் பின்னால் போனது.

சில மாதம் கழித்து ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவர் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே நின்றார்.

“ஒருத்தன் கதவாண்ட வந்தான் பாப்பா. கைப்பிடிய பாத்தான். அவன் கைய பாத்தான். திரும்பிப் போய்ட்டான். நான் கல்லாவாண்ட நின்னு பாத்துக்கினே இருந்தேன்.”

அடுத்த வாரமே ஆள் வைத்து வாசலை உடைத்துக் குழாயை மறுபடியும் பொருத்தினார். ஆனால் போனவர்கள் வேறு இடங்களுக்குப் பழகிவிட்டிருந்தார்கள். சில பஸ்கள் பைபாஸ் வழியாகவே போகத் தொடங்கின. போனில் சொன்னால் வீட்டுக்கே சாப்பாடு வரும் வசதி வந்தது. கொரோனா வந்தது. காட்பாடி முதலில் மூடியது, பிறகு ஆம்பூரைத் தவிர மற்றவை. எதனால் சரிந்தது என்று இன்றும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நானும் படுத்தபடி ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி யோசிக்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை.

மூடிய கடைகளின் ஆட்கள் யாரையும் அண்ணன் அனுப்பவில்லை. எல்லோரையும் ஆம்பூருக்கே அழைத்து வந்தார். “ஒரு ஆம்லெட்டுக்கு நாலு பேர் நிக்கிறோம். ஒருத்தன் முட்டை ஒடைக்கிறான், மூணு பேர் பாக்குறோம்” என்பார் கரீம் பாய். “அவங்க எங்க போவாங்க பாய்?” என்பதுதான் அண்ணனின் பதில். அவருடைய நல்ல குணம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அவரை அழுத்தியது எது என்று கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

சென்ற ஆண்டு ஒரு நண்பகலில், வாசல் குழாயில் வெந்நீர் வருகிறதா என்று கை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர், “கொஞ்சம் பேஜாரா இருக்கு பாய், உக்கார்றேன்” என்றாராம். கடை நேரத்தில் அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே பயந்துபோன கரீம் பாய் ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினார். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் வகுப்பில் இருந்தேன். இன்றும் வகுப்பு நேரத்தில் யாருடைய போன் ஒலித்தாலும் பாடத்தை நிறுத்திவிடுகிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி கடைச் சாவியை என்னிடம் கொடுத்தார். “என்னால அந்தக் கடைய பாக்க முடியலம்மா. உம் பொண்ணு நடத்தறேன்றா. குடுக்கறதும் குடுக்காததும் உன் இஷ்டம்.”

நான் கொடுக்கவில்லை. அந்த ஓட்டல்தான் அண்ணனைக் கொண்டுபோனது என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே என் பெண்ணை எப்படி அனுப்புவேன்?

“ஒரே ஒரு கடைம்மா. அஞ்சு இல்ல” என்கிறாள்.

“உங்க மாமாவும் ஒண்ணுலதான்டி ஆரம்பிச்சாரு.”

“சரி. நான் ரெண்டாவது தொறந்தா நீயே வந்து ஷட்டர இழுத்து மூடு.”

“நிக்காம ஓடுவ. வேளைக்கு சாப்புட மாட்ட.”

“ஓட்டல் வெச்சுக்கினு சாப்புடாம இருப்பனா?”

இப்படியே ஓர் ஆண்டு ஓடிவிட்டது. நினைவு நாள் சாப்பாட்டை அந்தக் கடையிலேயே போடலாம் என்று அண்ணி சொன்னதால், சுத்தம் செய்வதற்காகப் போன வாரம் நான்தான் ஷட்டரைத் திறந்தேன். நிவேதா முதல் வேலையாக பாய்லரைப் போட்டாள். சாயங்காலம் ஒரு கம்பெனி பஸ் நின்றது. ஷட்டர் மேலே இருப்பதைப் பார்த்து நான்கு பெண்கள் இறங்கி வந்தார்கள்.

“கடை தொறந்துட்டீங்களா மேடம்?”

“இல்லம்மா. நெனவு நாளுக்கு சுத்தம் பண்றோம்.”

“பரவால்ல. தண்ணி சுடுதா?”

கேட்டவள் பதிலுக்குக் காத்திராமல் குழாயைத் திறந்தாள். மற்றவர்களும் போய் நின்றுகொண்டார்கள். நிவேதா படையலுக்கு வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழங்களில் இரண்டை அறுத்து ஒரு தட்டில் வைத்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்போதே சாவியைக் கேட்டிருப்பாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அண்ணனை மடியில் கிடத்தி மருத்துவமனை வரை வந்த கரீம் பாய். இறுதி ஊர்வலத்தின்போது வண்டியை ஓரமாக நிறுத்திய பஸ் ஓட்டுநர், இறங்கி நடந்து வந்த பெண்கள். கடை மூடியிருந்த ஆண்டு முழுவதும் அண்ணியைத் தனியே விடாமல் வந்து பார்த்துக்கொண்ட கடை ஊழியர்கள். உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

இந்த மலரை உங்கள் கையில் கொடுத்தது கடை வாசலில்தான். சாப்பிட உட்காரும் முன் அங்கேயே கை கழுவிக்கொள்ளுங்கள். பந்தி முடிந்ததும் உங்கள் எல்லோர் எதிரிலும் சாவியை நிவேதாவிடம் கொடுக்கிறேன். என் பயம் போய்விட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். இரண்டாவது கடை என்று அவள் என்றைக்காவது பேச்செடுத்தால் இந்தப் பக்கத்தைத் திறந்து அவளிடம் காட்டுங்கள். எனக்கும் ஒரு போன் செய்யுங்கள். எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு ஷட்டரை மூட நான் வந்துவிடுவேன்.