அந்த சார் இழுத்த மூச்சு

என் மகளுக்கு ஆஸ்துமா. ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, ஓட்டப் பயிற்சியின் நடுவில் அவள் இன்ஹேலரை எடுக்க, விளையாட்டு ஆசிரியர் அதைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஓடாம இருக்க அபிநயம்" என்று, அவள் நடிப்பதாக மற்றப் பிள்ளைகள் முன்னால் சொல்லிச் சிரித்தாராம். பள்ளியிலிருந்து போன் வந்து, சாலைக் கடைத்தெருவிலிருந்து ஆட்டோ பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது, மைதானத்து ஓரம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்த பிறகுதான் பேச்சே வந்தது.

"அறியாம செஞ்சுட்டார், க்ஷமிக்கணும்" என்றார் தலைமையாசிரியை. அந்த மனுஷன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னிக்கவில்லை.

டாக்டர் சொல்லி, மகளை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனேன். வயிறு உப்ப மூச்சை இழுக்கவும், உதட்டைக் குவித்து மெல்ல விடவும் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு ஒரு சின்ன பிளாஸ்டிக் கருவி. வாயில் வைத்து இழுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எதிர்த்து நிற்கும். மூச்சுத் தசைகளுக்கு அது தண்டால் எடுப்பது மாதிரி.

"சேச்சி, இது மருந்துக்குப் பதில் இல்ல, கேட்டோ. இன்ஹேலர நிறுத்தவே கூடாது" என்றாள் அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட், மலையாளம் கலந்த தமிழில். ஸ்பிரிங்கை நன்றாக இறுக்கி, வேறொரு வாய்க்குழாய் மாட்டி, என்னையும் இழுக்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் எனக்குக் கண் பிதுங்கியது.

"மோளுக்கு மூச்சு முட்டறப்ப ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்."

நியாயமாக மகளை நினைத்து அழுதிருக்க வேண்டும். எனக்கு அந்த ஆளின் முகம்தான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே மெடிக்கல் ஷாப்பில் புதிதாக ஒரு வாய்க்குழாய் வாங்கினேன்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மகளின் மூச்சுக் கருவியோடு எழுந்து நின்றேன். "சார், பிள்ளைங்க செய்ற பயிற்சிதான். எல்லாருக்கும் கொஞ்சம் செஞ்சு காட்டுங்க."

சிரித்துக்கொண்டே வாங்கினார். மூக்கு வழியாக இழுக்காமலிருக்க மூக்கில் ஒரு கிளிப்பை நானே மாட்டிவிட்டேன். ஸ்பிரிங்கை ஏற்கெனவே கடைசிவரை இறுக்கி வைத்திருந்தேன். இழுத்தார். மறுபடி இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. கருவியை வெளியே எடுத்து, "மதி, மதி" என்று, போதும் என்பதாகக் கையை ஆட்டினார்.

"என் மோள் மதின்னு சொன்னப்ப நீங்க கேட்டீங்களா சார்? இது அபிநயமா?"

பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்து, "என் பையனோட இன்ஹேலரையும் வாங்கி வச்சிருக்கார்" என்றாள்.

மறுநாள் அசெம்பிளியில் அவர் என் மகளிடம் மன்னிப்புக் கேட்டார். இன்ஹேலரைப் பிள்ளைகளே கையில் வைத்துக்கொள்ளலாம் என்று பள்ளியில் உத்தரவு போட்டார்கள்.

"பாவம்மா, சாருக்குக் கண்ணெல்லாம் கலங்கிடுச்சு" என்றாள் மகள்.

கலங்கட்டும். இப்போதும் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் பஸ் ஏறும்வரை நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.