பின்பாதி சொன்னவன்

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஜூலை மாதம். கொழும்பு கொட்டாஞ்சேனையில், கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வாடகை வீட்டில் இருந்தோம். கணவர் துறைமுகத்தில் கிளார்க். பிள்ளைகள் இரண்டும் சின்னதுகள்.

காலையிலேயே கிராண்ட்பாஸ் பக்கம் புகை எழும்பியது. தமிழ் வீடுகளைக் கொளுத்துகிறார்கள் என்று பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா மதிலுக்கு மேலால் சொன்னா. கோயிலுக்குள் போய்விட்டால் தப்பலாம். ஆனால் அந்தக் கிழமை மாதா எங்கள் வீட்டில் இருந்தா. எங்கள் பகுதியில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். செபமாலை சொல்லிக்கொண்டே தூக்கிப்போய் அடுத்த வீட்டில் ஒப்படைக்க வேண்டும். தனியே விட்டுவிட்டுப் போகிற வழக்கமே கிடையாது.

"உடுப்புப் பெட்டியை விடுங்கோ, மாதாவைத் தூக்குங்கோ" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். "தூக்கிறன். ஆனா ரோட்டில ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. தமிழ்ல ஒரு சொல்லு வந்தாலும் நாங்கள் முடிஞ்சம்."

பட்டப்பகல். தெருவில் ஒரு காகம்கூடக் கத்தவில்லை. கதவு திறந்து கிடந்த ஒரு வீட்டுக்குள் ஆளே இல்லை, ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. சந்தியில் பொல்லுத் தடிகளோடு பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

அப்போதுதான் வாயைத் திறக்காதே என்ற மனிதரே "அருள் நிறைந்த மரியே" என்று சத்தமாகத் தொடங்கினார். மாதாவைத் தூக்கினால் காலும் வாயும் சேர்ந்தே நடந்து பழகிவிட்டதே! செபமாலையில் ஒருவர் முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதி சொல்லி முடிக்க வேண்டும். முன்பாதியை அவர் முடித்தார். பின்பாதியைச் சொல்ல வேண்டிய என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அந்த அமைதிக்குள் பின்பாதி கேட்டது. சிங்களத்தில். பொல்லோடு நின்ற ஒருவன் சுரூபத்தையே பார்த்தபடி, நித்திரையில் பிதற்றுகிறவன்போல் சொன்னான். மற்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். பிறகு மெல்ல விலகி வழிவிட்டார்கள்.

அவன் எங்களுக்குப் பின்னாலேயே வந்தான். இவர் தமிழில் முன்பாதி, அவன் சிங்களத்தில் பின்பாதி. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுடைய பொல்லு ரோட்டில் தட்டுப்படுகிற சத்தம் மட்டும் கோயில் வாசல்வரை கூடவே வந்தது. அங்கே மாதாவின் காலைத் தொட்டுச் சிலுவை போட்டான். அவன் கையில் மண்ணெண்ணெய் மணந்தது. எங்கள் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் எங்கள் ஒழுங்கைப் பக்கமே திரும்பி நடந்தான்.

பின்னேரம் எங்கள் வீடு எரிந்துவிட்டது என்று தெரியவந்தது. யார் கொளுத்தினார்கள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அகதிகளை ஏற்றிய கப்பலில் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தோம்.

இன்றைக்கும் பின்பாதியில் "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்ற இடம் வந்தால் எனக்குப் பின்னால் அந்தப் பொல்லுச் சத்தம் கேட்கும். அவனுக்கு நன்றி சொல்வதா, அவனை மன்னிப்பதா என்று தெரியாமல், அவனையும் அந்த "எங்களு"க்குள் சேர்த்தே சொல்லி முடிக்கிறேன்.