பெயர் சொன்னால் எழும் டிஸ்க்

சாம்பல் நிறக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று. அதன் நெற்றியில் சந்தனம், சந்தனத்தின் நடுவே குங்குமம், அதற்குக் கீழே டிஸ்க் சுழலும்போது மினுக்கும் சிறிய விளக்கு. டைப்பிஸ்டம்மா காலையில் அதன் எதிரே உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் கீபோர்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "எழுந்துரு நைனா, ஊரு விடிஞ்சு எம்மா நேரமாச்சு" என்பார். எங்கள் பக்கத்தில் நைனா என்றால் அப்பா. ஆசை மிகுந்தால் மகனும் நைனாதான். அந்தப் பெட்டி அவருக்கு எந்த வகை உறவு என்று நான் கேட்டதில்லை. அலுவலகத்தில் அவர் அன்பாகப் பேசியது அதனிடம் மட்டும்தான்.

ஆந்திராவின் சித்தூரில், மாவட்டத்து ஏரிகளின் பதிவுகளைப் பாதுகாத்த அலுவலகம் அது. நான் சூப்பரிண்டெண்ட். எங்கள் பிள்ளைகள் பெங்களூருக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்த காலம். பிள்ளைகள் வெளியே போன அதே வழியாகக் கம்ப்யூட்டர் உள்ளே வந்தது. லினக்ஸ் போட்ட பெட்டி. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் என்பதால் மேலிடத்துக்கு அதன்மேல் தனி பக்தி.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்குகள். முதல் டிஸ்க்கில் லினக்ஸ். இரண்டாவதில் ஒரே பார்ட்டிஷன், அதற்குள் அத்தனை ஏரிகளும். பெட்டியை இயக்கினால் முதல் டிஸ்க் தானாக எழுந்துவிடும். இரண்டாவதை ஒரு கட்டளை கொடுத்து இணைக்க வேண்டும். மவுண்ட் செய்வது என்பார்கள். செய்யாவிட்டால் ஏரிகள் இருக்கும் கோப்புறை காலியாகத் தெரியும். புதிதாக மாற்றலாகி வந்த, தெலுங்கு கலந்தே தமிழ் பேசும் ஆபீசர் ஒரு காலை அதைத் திறந்து பார்த்துவிட்டு, "அய்யய்யோ, செருவுலன்னி போயாயி!" என்று, ஏரிகளெல்லாம் போய்விட்டதாகக் கத்தியதில், வராந்தாவில் இருந்தவர்கள் எங்கோ கரை உடைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே ஆபீசர் ஒரு மெமோ போட்டார். தினமும் காலையில் சூப்பரிண்டெண்ட் முன்னிலையில் டைப்பிஸ்ட் டிஸ்க்கைத் திறக்க வேண்டும். மதகைச் சாட்சி வைத்துத் திறக்கும் வழக்கமுள்ள இலாகாவில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. டைப்பிஸ்டம்மா தட்டுவார், நான் கைகட்டி நிற்பேன். விளக்கு மினுக்கும். "மதகு தொறந்தாச்சு, தண்ணி போவுது. நீங்க போய் காப்பி குடிங்க சார்" என்பார்.

டைப்பிஸ்டம்மா சத்தியவேடு பக்கத்துக்காரர், பாகாலாவில் குடியிருந்தார். ரயில் தாமதமானால் அன்றைக்கு மாவட்டத்தில் ஏரியே கிடையாது. டைப்ரைட்டரின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல் அவருக்கு. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அது குறையவில்லை. ஒரே மகள், அமெரிக்காவில் இருந்தாள். அவளுக்குத் தீபாவளியை ஒட்டிப் பிரசவம். விசா வந்துவிட்டது, மருமகன் டிக்கெட்டும் எடுத்துவிட்டார். விடுப்பு விண்ணப்பத்தை நான்தான் விதி எண்களோடு எழுதிக் கொடுத்தேன். ஆபீசர் படித்துவிட்டு ஃபைலை மூடினார்.

"நீங்க போனா டிஸ்க்கை எவரு திறப்பாங்க அம்மா?"

"யாரு வேணா தொறக்கலாம் சார். ஒரு வரி தட்டணும், அவ்ளோதான்."

"மெமோலோ டைப்பிஸ்ட்னு உந்தி. இன்னொரு டைப்பிஸ்ட் நம்ம ஆபீஸ்ல லேது."

வெளியே வந்ததும் அவர் என்னைப் பார்த்த பார்வையில் இலாகா முழுவதும் எரிந்திருக்க வேண்டும். "எம் பொண்ணு அங்க தனியா வலியில கத்திக்கினு கிடக்கும், நான் இங்க இதுக்குப் பள்ளியெழுச்சி பாடிக்கினு இருக்கணுமா? இன்னா சார் நாயம்?"

நியாயம் எனக்குத் தெரியாது, நடைமுறை தெரியும். திறப்பதற்கு ஆளே தேவையில்லை என்றால் மெமோ தானாகச் செத்துவிடும். லினக்ஸின் கையேட்டை அரசாணை படிப்பது போல அடிக்கோடிட்டுப் படித்தேன். பெட்டி எழும்போது எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்று பார்க்க ஒரு கோப்பு இருக்கிறது. பார்ட்டிஷனுக்கு ஒரு வரி. எது, எங்கே, என்ன வகை, என்ன நிபந்தனை என்று வரிசையாகக் கட்டங்கள். அதை வடிவமைத்தவர் எங்கள் இலாகாவில் சேர்ந்திருந்தால் வெகுதூரம் போயிருப்பார். எங்கள் ஏரிகளின் வரியில் நிபந்தனைக் கட்டத்தில் 'நோஆட்டோ' என்றிருந்தது. தானாகத் திறக்காதே என்று பொருள். பெட்டியை நிறுவியவர் முன்ஜாக்கிரதையாகப் போட்டது. நானும் டைப்பிஸ்டம்மாவும் அதை எடுத்தோம். பெட்டியை அணைத்துப் போடுவதற்கு முன்பே வரி சரிதானா என்று சோதிக்க ஒரு கட்டளை உண்டு, அதையும் கொடுத்தோம். பெட்டியிடமிருந்து முணுமுணுப்பில்லை.

மறுநாள் காலை பெட்டியைப் போட்டதும் ஏரிகள் தாமாக வந்து நின்றன. டைப்பிஸ்டம்மாவின் முகத்தில் சந்தோஷத்தோடு சின்னக் குறையும் தெரிந்தது. "கூப்புடாமயே எழுந்துக்கினான் பாரு, தடியன்." ஆபீசர் பார்த்தார், தலையாட்டினார். ஆயுத பூஜை முடிந்ததும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஊர்களில் லாரியின் இன்ஜினைக்கூடத் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். ஆபீசர் பக்திமான். மேலே துடைத்தால் போதாது, சரஸ்வதி உள்ளேதான் இருக்கிறாள் என்று பெட்டியைத் திறக்கச் சொல்லி, கேபிள்களைக் கழற்றி, தூசி தட்டி, அவரே கையால் திரும்பச் செருகினார். சுண்டல் பிரமாதம்.

விடுமுறை முடிந்து பெட்டியைப் போட்டால் கறுப்புத் திரை. ஒரு டிஸ்க்கைக் காணோம், பழுதுபார்க்கக் கடவுச்சொல்லைக் கொடு என்று கேட்டபடி நின்றுவிட்டது. முன்பெல்லாம் கோப்புறைதான் காலியாக இருக்கும். இப்போது எங்கள் வரியை நம்பி ஏரிகளைத் தேடிய பெட்டி, அவை கிடைக்காததால் எழவே மறுத்தது.

"சூடண்டி, பாருங்க!" என்றார் ஆபீசர். "தானே திறக்கும்னு சொன்னீங்க, இப்போ மெஷினே லேவல, எழும்பல. லீவு லேது."

விமானம் அடுத்த வாரம். டைப்பிஸ்டம்மா அழுவார் என்று நினைத்தேன். டிபன் பாக்ஸைத் திறந்தார். "வவுறு காலியா இருந்தா யோசனை வராது. துன்னுட்டுப் பாக்கலாம், வா சார்."

புளிசோறு பாதியில் இருந்தபோது அடுத்த மேசையில் யாரோ, "பி-டூ எங்கப்பா?" என்று கத்தினார்கள். எங்கள் அலுவலகத்தில் குமாஸ்தாக்களை இருக்கையின் எண்ணால்தான் கூப்பிடுவோம். ஆள் மாறினாலும் எண் மாறாது. புதிதாக வந்தவர்தான் அன்றிலிருந்து பி-டூ. டைப்பிஸ்டம்மா கையை நிறுத்தினார்.

"சார், அந்த வரியில டிஸ்க்கோட பேரா எழுதிக்கீது, சீட்டா?"

சீட்தான். எந்தக் கேபிளில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் எழுதியிருந்தது. ஆபீசர் பக்தியோடு வேறு இடத்தில் செருகிவிட்டார். பெட்டியோ பழைய நாற்காலியில் ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. பார்ட்டிஷனுக்கே ஒரு பெயரைச் சூட்டி, வரியில் இடத்துக்குப் பதிலாக அந்தப் பெயரை எழுதலாம் என்று கையேட்டில் படித்து அடிக்கோடிட்டிருந்தேன். நாங்கள் கை கழுவிய வேகத்தை அந்த இலாகா அதற்கு முன் பார்த்ததில்லை.

"இன்னா பேரு வெக்கலாம்?" என்று கேட்டுவிட்டு, கறுப்புத் திரைக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்து டைப்பிஸ்டம்மாவே தட்டினார்: NAINA. வரியிலும் அதையே எழுதினோம்.

அரசாங்க டிஸ்க்குக்கு இப்படி ஒரு பெயரா என்று ஆபீசர் முகம் சுளித்தார். பெட்டி எழுந்தது, ஏரிகள் நின்றன. அவர் நம்பவில்லை. பெட்டியை அணைத்து, கேபிளைத் தாமே பழைய இடத்துக்கு மாற்றிச் செருகிப் போட்டார். எழுந்தது. மறுபடி மாற்றினார். எழுந்தது. அதற்குள் அலுவலகமே கூடிவிட்டது. அடுத்த முறை அவர் மாற்றியது சந்தேகத்தால் இல்லை, ஆசையால். விளக்கு மினுக்கியதும் சிரித்துக் கைதட்டியது அவர்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் விண்ணப்பத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினேன். எதை எப்போது நீட்டுவது என்பது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத நடைமுறை.

பேரன் பிறந்த செய்தி தொலைபேசியில் வந்தது. ஆபீசர் அறையில் ரிசீவரைச் சுற்றி எல்லோரும் நின்றோம். டைப்பிஸ்டம்மா, அமெரிக்காவிலிருந்து தொலைபேசி இல்லாமலே கேட்கும் குரலில், "பையன் சார்! ரெண்டு பேரும் நல்லா கீறாங்க! அங்க நைனா எழுந்துக்கினானா?" என்றார்.

நான் ஓய்வு பெற்றுத் திருப்பதிக்கு வந்துவிட்டேன். டைப்பிஸ்டம்மாவும் ஓய்வு பெற்று மகளோடு இருக்கிறார். என் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் இல்லை, விளக்குகூட இல்லை. படங்கள் வைத்திருக்கும் பார்ட்டிஷனின் வரியில் அதே பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் திறந்து நிற்கும்.

நேற்று மாலை வீடியோவில் அழைத்தார். அவருக்கு அது காலை. பின்னால் போர்வைக்குள் நீளமாக அந்தப் பேரன். "எழுந்துரு நைனா, காலேஜுக்கு நேரமாச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். போர்வை அசையவில்லை. டைப்பிஸ்டம்மா என் பக்கம் திரும்பினார்.

"பேரு சொல்லிக் கூப்புட்டாலும் எழுந்துக்க மாட்டேங்கிறான் சார். இவனுக்கு அந்த வரிய எங்க எழுதறது?"