பொம்மையின் முதுகைப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி கடைவீதியில் ஒரு பொம்மைக் கடைக்குள் நுழைந்தேன். பக்கத்து வீட்டு யாழினிக்கு மூன்றாவது பிறந்தநாள் வரவிருந்தது. ஒரு பொம்மை வாங்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. கையில் எடுத்த ஒவ்வொன்றையும் திருப்பி, அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. “முன்னாடி பாருங்கம்மா... கண்ணு சிமிட்டும், பாட்டுப் பாடும்.”

அதுதானே என் பயம்... பாடுவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே. “பாடாத பொம்மை இருக்குங்களா?” என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்கிறீர்களா? சொல்கிறேன். வழக்கம்போல் சிரிக்க வைக்க இந்த வாரம் என்னால் முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரவேணுவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி கவிதா. டீ ஃபேக்டரியில் வேலை. யாழினி அவளுடைய ஒரே மகள். போன வருஷம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் இருக்கும் அம்மா ஊருக்கு, கோயில் நோம்பிக்குப் போனார்கள். அங்கே திருவிழாக் கடையில் மகளுக்கு ஒரு கோழிக்குஞ்சு பொம்மை வாங்கிக் கொடுத்தாள் கவிதா. வயிற்றை அமுக்கினால் கீச் கீச்சென்று கத்தும், அலகில் சிவப்பு லைட் எரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா மடியில் உட்கார்ந்து, அதை அமுக்கிக்கொண்டே வந்தாள் குழந்தை. மலைப்பாதையில் குஞ்சப்பனை ஊரைத் தாண்டியதும் குஞ்சு கத்துவது நின்றுபோனது. யார் கவலைப்பட்டார்கள்? திருவிழாக் கடைப் பொம்மை வீடு வரைக்கும் உழைத்தால்தான் அதிசயம். கவிதா அதைப் பைக்குள் போட்டாள். கொஞ்ச நேரத்தில் யாழினி வாந்தி எடுத்தாள்.

மலைப்பாதை பஸ்ஸில் குழந்தை வாந்தி எடுத்தால் எங்கள் ஊரில் யாராவது பதறுவார்களா? பின் சீட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் வந்தது. கண்டக்டர் ஒரு கவர் கொடுத்தார். கொண்டை ஊசி வளைவு ஒத்துக்கவில்லை, ஊர் போய்ச் சேர்ந்தால் சரியாகிவிடும்... மறுநாள் சோறு இறங்கவில்லை – மலை ஏறி வந்த அலுப்பு. எச்சில் ஒழுகியது – கடவாய்ப்பல் முளைக்கிறது. இருமினாள் – மிஸ்ட் இறங்கியிருக்கிறது, பனிக்குளிரில் சளி. எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

இருமலில் ரத்தம் வந்த அன்றுதான் கோயம்புத்தூருக்கு ஓடினார்கள். எக்ஸ்ரேயில், தொண்டைக்குக் கீழே, சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு வட்டம். குஞ்சின் முதுகில் இருந்த பட்டன் பேட்டரி. அந்த மூடிக்குத் திருகாணியே கிடையாது, நகத்தால் நெம்பினாலே கழன்றுவிடும். உணவுக்குழாயில் சிக்கினால் அந்தப் பேட்டரி சில மணி நேரத்திலேயே சதையை அரிக்க ஆரம்பித்துவிடுமாம். யாழினிக்குள் அது நாள்கணக்கில் இருந்திருக்கிறது.

உயிர் பிழைத்தாள். ஆனால் உணவுக்குழாய் பொத்துப்போய், ஆறும்போது சுருங்கிவிட்டது. வயிற்றில் துளை போட்டு ஒரு டியூப் வைத்திருக்கிறார்கள். பாலும் கஞ்சியும் அதன் வழியாகத்தான். மறுபடி வாயால் சாப்பிடுவாளா? பார்க்கலாம் என்கிறார் டாக்டர். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்கிறார்.

“ஏனுங்க்கா, எலுமிச்சம்பழத்த மூக்குல வெச்சுட்டு உக்காந்திருந்தேனே...”

கவிதா இதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அவள் இடத்தில் இந்த மலையில் எந்த அம்மா இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

ஒரு சேலை எடுக்கப் போனால்கூட உள்பக்கம் திருப்பிப் பார்க்கிற நாம், பொம்மையை மட்டும் அதன் சிரித்த முகத்தைப் பார்த்தே வாங்கிவிடுகிறோம். பேட்டரி மூடியில் திருகாணி இல்லாத பொம்மையை, பிள்ளை தரையில் புரண்டு அழுதாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். பேட்டரியைக் காணோமா? கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியில் எனக்கு ஒரு துணிப் பொம்மை கிடைத்தது. பிறந்தநாளன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கவிதா அதை முதலில் தன் கையில் வாங்கினாள். முதுகு, கை, கால், தலை என்று ஓர் இடம் விடாமல் அழுத்திப் பார்த்தாள்.

“உள்ள ஒண்ணும் இல்லீங்களேக்கா?”

“வெறும் பஞ்சுதான் கவிதா.”

அதற்குப் பிறகுதான் மகளிடம் நீட்டினாள். கேக் இல்லாத பிறந்தநாள் அது. யாழினிக்குப் பொம்மையைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. மடியில் போட்டுத் தட்டிக் கொடுத்தாள். பிறகு எழுந்து போய், ஒரு காலி டம்ளரும் ஸ்பூனும் எடுத்து வந்தாள்.

“பாப்பாவுக்குப் பசிக்குமில்ல சாமி, மம்மம் ஊட்டு,” என்றாள் கவிதா.

ஊட்டினாள்... பொம்மையின் கவுனைத் தூக்கி, வயிற்றில்.