அக்கா வீட்டில் மூன்று வாரம்: சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு ஓர் ஓட்டுரிமைக் கடிதத்துடன்

2024 அக்டோபரில் பன்னிரண்டு நாள் ஆஸ்திரேலியாவில் இருந்தேன். திருச்சியில் எங்கள் பக்கத்து வீட்டில் வளர்ந்த அக்காவும் தங்கையும் அங்கே குடியிருக்கிறார்கள். மூத்தவள் மாலதி சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில், இளையவள் சுமதி மெல்பர்னின் ரோவிலில். முப்பத்தோரு வருடம் நாளிதழில் தேர்தல் செய்தி எழுதி ஓய்வு பெற்ற பிறகுதான் அவர்கள் அழைப்பை ஏற்க எனக்கு நேரம் கிடைத்தது. ஊர் பார்க்கத்தான் போனேன். அமெரிக்க அரசியல் சட்டத்தைப் பற்றிய குறிப்புகளோடு திரும்பி வந்தேன்.

சிட்னி விமான நிலையத்திலிருந்து வென்ட்வேர்த்வில்லுக்கு ரயிலிலேயே போகலாம். சென்ட்ரலில் வண்டி மாற வேண்டும், மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். விமான நிலைய நிலையத்துக்கென்று தனிக் கட்டணம் சேர்வதால் எனக்கு 22 டாலர் ஆனது. மாலதி வீடு நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடை. வழியில் இலங்கைத் தமிழர் கடைகளில் இடியாப்பம் வாங்கிக்கொள்ளலாம், சூடாக இருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் மாலதியின் மகள் நிலா ஓர் உறையைக் காட்டினாள். பத்தொன்பது வயது, சிட்னியில் பிறந்தவள். உறைக்குள் இருந்தது கலிபோர்னியாவிலிருந்து வந்த அமெரிக்க அதிபர் தேர்தல் வாக்குச்சீட்டு.

"நீ அமெரிக்கா போனதே இல்லையே?" என்றேன்.

"டிஸ்னிலேண்ட் போயிருக்கேன் ஆன்ட்டி. அது கவுன்ட் ஆகாது."

மாலதியும் சுமதியும் கல்யாணமாகி அமெரிக்கா போய், அங்கே குடியுரிமை பெற்று, பிறகு ஆஸ்திரேலியா வந்தவர்கள். பிள்ளைகள் இங்கே பிறந்தாலும் பெற்றோர் வழியாக அமெரிக்கக் குடியுரிமையும் உண்டு. ஆனால் அந்த நாட்டில் ஒருநாளும் குடியிருக்காத குடிமகளுக்கு ஓட்டு உண்டா என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக முடிவு செய்கிறது. பெற்றோர் கடைசியாக எந்த மாநிலத்தில் குடியிருந்தார்களோ அந்த மாநிலத்தின் சட்டம்தான் பிள்ளைக்கு. கலிபோர்னியா ஓட்டுத் தருகிறது. சுமதி கடைசியாக இருந்தது தெற்கே வேறொரு மாநிலம். அது தருவதில்லை. பெயரை எழுத வேண்டாம் என்று சுமதி கேட்டுக்கொண்டதால் விடுகிறேன்.

சுமதியும் பதின்மூன்று வருடம் கலிபோர்னியாவில் இருந்தவள்தான். கணவருக்கு வேலை மாறியதால் தெற்கே போய் எட்டு மாதம் இருந்தார்கள். அங்கிருந்து ஆஸ்திரேலியா. அந்த எட்டு மாதத்தால் அவள் மகள் தாரிணிக்கு ஓட்டு இல்லை. நிலாவுக்கும் தாரிணிக்கும் ஒரே வயது, ஒரே நிறக் கடவுச்சீட்டு.

மாலதி விடவில்லை. "தெற்கே இருந்து கிளம்பி நேரா ஃப்ளைட் ஏறலக்கா. கலிபோர்னியாவுல எங்க வீட்டுக்கு வந்து இருந்துட்டுத்தான் ஏறினாங்க. அப்ப கடைசியா இருந்தது கலிபோர்னியாதானே?"

"எத்தனை நாள் இருந்தாங்க?"

"மூணு வாரம்."

"அது தங்கினதுதானே மாலதி?"

அவள் முகம் மாறிவிட்டது. "தங்கச்சி அக்கா வீட்டுல தங்குவாளா? அது அவ வீடு. ஹோட்டலா என்ன?"

'அந்த நாட்களில் என் வீடே அவர்கள் குடியிருந்த வீடு' என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் தயாராக இருந்தது. அசல் கையெழுத்து இருந்தால்தான் எடுபடும் என்பது அவள் எண்ணம். மெல்பர்ன் போகும்போது கொண்டுபோகச் சொன்னாள். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். மறுத்திருக்க வேண்டுமோ என்று இன்றும் தோன்றுகிறது.

சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். நான் பகல் ரயிலைத் தேர்ந்தெடுத்தேன். காலை 7.40க்கு சென்ட்ரலில் ஏறினால் மாலை ஆறரைக்கு மெல்பர்ன், ஏறத்தாழ 950 கிலோமீட்டர். சாதாரண வகுப்பு 117 டாலர். வலப்பக்கம் வெயில் படும், இடப்பக்கம் கேளுங்கள். ரயிலில் காப்பி சுமார்தான், வீட்டிலிருந்து ஏதாவது கட்டிக்கொண்டு போவது நல்லது.

பதினொரு மணி நேரத்தில் அமெரிக்க அரசியல் சட்டத்தை ஒரு முறை முழுதாகப் படித்துவிடலாம். சிறிய ஆவணம்தான். 'குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஓட்டுரிமை உண்டு' என்ற வாக்கியத்தைத் தேடினேன். இல்லை. ஓட்டுரிமை என்ற சொல் திருத்தங்களில் வருகிறது, ஆனால் எப்போதும் மறுப்பாகவே வருகிறது. இனத்தைக் காட்டி மறுக்கக் கூடாது, பெண் என்பதற்காக மறுக்கக் கூடாது, வரி கட்டவில்லை என்று மறுக்கக் கூடாது, பதினெட்டு நிறைந்தவருக்கு வயதைக் காட்டி மறுக்கக் கூடாது. வேறு காரணங்கள் பெரும்பாலும் மாநிலங்களின் கையில். தாரிணியின் காரணம் இந்தப் பட்டியலில் இல்லை. ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்திலும் அப்படி நேரான வாக்கியம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது என்ற சொற்களுக்குள் அந்த உரிமை அடங்கியிருப்பதாக இங்கே நீதிமன்றம் பொருள் கண்டிருக்கிறது.

ரோவிலுக்கு ரயில் கிடையாது. சதர்ன் கிராஸில் புறநகர் ரயில் ஏறி ஹன்டிங்டேலில் இறங்கி, 900ஆம் எண் பேருந்து. இரண்டு மணி நேரத்துக்கான கட்டணம் 5.30 டாலர், ரயிலுக்கும் பேருந்துக்கும் சேர்த்தே. நான் சுமதியோடு போனில் பேசியதைக் கேட்டு பேருந்து ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார், இலங்கைத் தமிழர்.

"தமிழே அன்ரி? எங்க இறங்க வேணும்?"

கடைசி நிறுத்தம் என்றேன். என்ன வேலையாக வந்தேன் என்று கேட்டார். தேர்தல் செய்தி எழுதியவள் என்றதும் சிரித்தார். ஆஸ்திரேலியாவில் ஓட்டுப் போடுவது கட்டாயம்.

"போன முறை நான் வோட் போடப் போகேல்ல அன்ரி, ஷிஃப்ட். இருபது டொலர் ஃபைன் எண்டு கடிதம் வந்திட்டு."

"கோபம் வரலையா?"

"சீ, ஏன்? ஊரில சண்டைக் காலத்தில போடாதை எண்டு மிரட்டித்தான் கடிதம் வரும். போடேல்ல எண்டு கேட்டு வந்த முதல் கடிதம் அதுதான். மனுசிக்குக் காட்டினனான்."

மறுநாள் காலை ரோவில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கடிதத்தைக் கொடுத்தேன். சுமதி படித்துவிட்டு மகளிடம் நீட்டினாள். தாரிணி சட்டம் படிக்கிறாள். நான்கு மாதமாக அந்த ஓட்டுக்காக அமெரிக்கத் தேர்தல் அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தவள். அவள் நிரப்பி வைத்திருந்த கலிபோர்னியா வாக்காளர் படிவத்தில், பெற்றோரின் கடைசி அமெரிக்க முகவரிக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது. கீழே, சொன்னதெல்லாம் உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழி. அதில் கையெழுத்துப் போட வேண்டியவள் தாரிணி.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. பெரியம்மா வீட்டுல லிவ் பண்ணீங்களா, விசிட் பண்ணீங்களா?"

"அது என்னடி கேள்வி? அக்கா வீடு."

"பெட்டியப் பிரிச்சீங்களா?"

சுமதி தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள்.

"இல்ல. ஹால்ல அப்படியே அடுக்கி வெச்சிருந்தோம். ரெண்டு பெட்டிதான் தொறந்தோம்."

"திரும்பி அங்கேயே இருக்கிற பிளான் இருந்துச்சா?"

"டிக்கெட் கையில இருந்துச்சும்மா." பிறகு மெல்ல, "அக்காகிட்ட இதச் சொல்லாத. விருந்தாளியா இருந்தோம்னு கேட்டா அழுவா" என்றாள்.

தாரிணி படிவத்தை மடித்து வைத்துவிட்டாள். யாரையும் திட்டவில்லை. தட்டிலிருந்த தோசையைச் சாப்பிட்டு முடித்தாள். நானும் அந்தக் கேள்வியைத்தான் சிட்னியில் கேட்டிருந்தேன், பாதியில் விட்டுவிட்டேன். அந்தக் கடிதத்தை 950 கிலோமீட்டர் சுமந்து வந்தவளும் நான்தான்.

இதே வழியில் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அக்டோபர் மெல்பர்னில் காலை 9 டிகிரி, மதியம் 24, இரண்டுக்கும் உடை வேண்டும். ரயில் டிக்கெட்டை மூன்று வாரம் முன்பே எடுங்கள். பகல் ரயிலில் வந்து ரோவில் போகிறவர்கள் நிறுத்தத்துக்கு யாரையாவது வரச் சொல்லுங்கள், சேர்வதற்குள் இருட்டிவிடும், வீடுகள் தூரம். அமெரிக்கக் குடியுரிமையோடு வேறு நாட்டில் குடியேறுகிறவர்கள் கடைசி முகவரி எந்த மாநிலம் என்று யோசித்துவிட்டுக் கிளம்புங்கள். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது எதையும் எறியாதீர்கள். பிறக்காத பிள்ளையின் ஓட்டு அதில் இருக்கலாம். பிள்ளை ஏற்கெனவே பிறந்துவிட்டிருந்தால் மாநிலத் தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். விதிகள் மாறுகின்றன. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

கிளம்பும் நாளில் தாரிணி என்னை விமான நிலையத்தில் விட்டாள், 50 கிலோமீட்டர், சுங்கச் சாலையில் ஐம்பது நிமிடம். வழியில் நிலா கூப்பிட்டாள். காரின் ஒலிபெருக்கியில் பேச்சு எனக்கும் கேட்டது.

"தாரு, என் பாலட் இன்னும் போஸ்ட் பண்ணல. நீ யாருக்குப் போடுவேன்னு சொல்லு, அதையே போடுறேன். நமக்குள்ள என்ன?"

தாரிணி அடுத்த சிக்னலில் காரை நிறுத்தினாள். அந்த ஓட்டு அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று நான்கு நாளாகப் பார்த்திருந்தேன்.

"வேணாம் நிலா," என்றாள். "அது உன்னுது. நீயே யோசிச்சுப் போடு."