ரீச்சரின் காரும் அண்ணை கொண்டுவந்த கறுப்புக் கூடும்

என் கையெழுத்து கோழி கிண்டின முற்றம் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். ர எங்கே, ற எங்கே என்று இன்றைக்கும் தடுமாறுவேன். மகள் பிழை திருத்தித் தருகிறேன் என்று சொன்ன துணிவில்தான் இதை எழுதுகிறேன். அதற்குப் பிறகும் பிழை இருந்தால் அது என்னுடையது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லியடியில் என் கராஜின் சுவரில், சாமிப்படத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் உள்ளங்கை அளவான கறுப்பு பிளாஸ்டிக் கூடு ஒன்று தொங்குகிறது. வாகனம் திருத்த வருபவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். புதிய கார்களின் முன்கண்ணாடியில், உள்பக்கம், பின்னால் வருவதைப் பார்க்கும் நடுக்கண்ணாடிக்கு மேலே ஒரு சின்னக் கமரா இருக்கும். வீதியில் வெள்ளைக்கோட்டைப் பார்ப்பதும், முன்னால் ஆளோ வாகனமோ வந்தால் ஓட்டுபவர் கவனியாவிட்டாலும் தானே பிறேக் போடச் சொல்வதும் அதுதான். அந்தக் கமராவைக் கண்ணாடியில் பிடித்து வைத்திருக்கும் கூடு இது. என் அண்ணை கனடாவில் ஒரு தொழிற்சாலையில் இதைத்தான் செய்தார்.

அண்ணை என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் நாட்டை விட்டுப் போகும்போது எனக்குப் பன்னிரண்டு வயது. முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் உறவு ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில்தான் இருந்தது. எனக்கு ஆட்களோடு கதைப்பது சின்ன வயதிலிருந்தே கஷ்டம். "சாப்பிட்டியோ?" என்பார். "ஓம்." "வேலை இருக்கோ?" "ஓம்." பிறகு இரண்டு பேரும் மற்றவரின் மூச்சைக் கேட்டுக்கொண்டு இருப்போம். காசு போகிறது என்று அவர்தான் போனை வைப்பார். இப்போது காசு போவதில்லை. மூச்சு மட்டும் கூடுதலான நேரம் கேட்டது.

போன வருடம் ஆனி மாதம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். நீண்ட லீவு என்றார். பெட்டியைத் திறந்து பிள்ளைகளுக்குச் சொக்கிளேற், மனைவிக்குச் சேலை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். கடைசியாக, பழைய சேட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்த இந்தக் கூட்டை எடுத்து என் கையில் தந்தார். ஓரம் சரியில்லை என்று கழித்துவிட்ட ஒன்று. "பன்ரண்டு வருஷமா இதைத்தானடா செய்தனான். கார்க்காரனாச்சே, நீ வைச்சிரு" என்றார். செய்தனான் என்று முடிந்துபோன வேலையாகச் சொன்னது எனக்குக் காதில் குத்தியது. கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கில்லை.

ஒவ்வொரு நாளும் காலையில் என்னோடு கராஜுக்கு வந்து, ஸ்டூலில் இருந்து, நான் கார்களுக்குப் புதுக் கண்ணாடி பொருத்திப் பூட்டுவதையும் நசுங்கின தகட்டைத் தட்டி எடுப்பதையும் பார்ப்பார். ஒரு மாதம் போன பிறகு ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது தானாகவே சொன்னார்.

"லீவு எண்டது பொய்யடா. அமெரிக்காக்காரன் காருக்கும் கார்ச் சாமானுக்கும் வரி போட்டிட்டான். ஒரு சாமான் கார் ஆகிறதுக்குள்ளை நாலு தரம் எல்லை தாண்டும். எங்கை எங்கை வரி விழுமெண்டு கொம்பனிக்கே தெரியேல்லை. ரெண்டு ஷிப்டை ஒண்டாக்கிப் போட்டினம். எங்களை நிப்பாட்டிப்போட்டு, திருப்பிக் கூப்பிடுவம் எண்டவை. பாப்பம்."

பிறகு கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "இத்தினை வருஷம் செய்த சாமான். அது ஒரு காருக்குள்ளை இருந்து வேலை செய்யிறதை நான் ஒருநாளும் கண்டதில்லை, தெரியுமே? என்ரை காரே பழசு" என்று சிரித்தார்.

இங்கேயும் வரிதானே என்று மட்டும் நினைத்தேன். கனகாலம் அரசாங்கம் வெளிநாட்டு வாகனம் இறக்க விடாமல் வைத்திருந்து, இப்போது விட்டாலும் வரி வானத்தில் நிற்கிறது. அதனால் சனம் இருக்கிற வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓடுகிறது. ஒரு வரி அண்ணையை வீட்டுக்கு அனுப்பியது. இன்னொரு வரி எனக்கு வேலை தந்தது.

உடுப்பிட்டியில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர் ஒருவரின் கார் அந்த நாட்களில்தான் என்னிடம் வந்தது. அவர் தனியாள். ஐந்து வருடம் பொறுத்திருந்து, வாகனம் இறக்க விட்டவுடன் சேமிப்பை எல்லாம் போட்டு எடுத்த சின்ன யப்பான் கார். கல் லொறி ஒன்றிலிருந்து தெறித்த கல்லில் முன்கண்ணாடி வெடித்துவிட்டது. கமரா உள்ள கண்ணாடி பூட்டுவது எனக்கு அது மூன்றாவது தடவை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பூட்டினேன். யாழ்ப்பாணத்தில் கம்பியூட்டர் வைத்துக் கமராவுக்கு அளவு எடுப்பவரிடம் கொண்டுபோய் எல்லாம் சரி பார்த்துத்தான் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ரீச்சர் திரும்பி வந்தார். ஸ்டியறிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது, ஏதோ ஆங்கிலத்தில் எழுதியும் இருந்தது.

"தம்பி, கமரா வேலை செய்யேல்லை எண்டு எழுதிக் காட்டுது. நீர் பூட்டேக்கை என்னவும் தட்டுப்பட்டதோ?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகப் பயமாக இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரருக்குப் போன் எடுத்தேன். அன்றைக்குச் சரியாகத்தானே இருந்தது, கமரா செத்திருக்கலாம், புதுசு போட வேண்டி வரும் என்றார். புதுக் கமராவின் விலையை வரியோடு சேர்த்து அவர் சொன்னபோது, திரும்பவும் ஒருக்கால் சொல்லச் சொன்னேன். ஆனால் விலையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. உவனிட்டைக் குடுத்தால் கமரா போகும் என்று ஒரு கதை கிளம்பினால் போதும், உடுப்பிட்டியிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் ஒருவரும் புதுக் காரோடு என் வாசலுக்கு வரமாட்டார்கள். எதிர்த்துக் கதைக்கவும் எனக்குத் தெரியாது.

மனம் ஆற காரைக் கழுவினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணை ஸ்டூலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழும்பி வந்தார்.

"டேய், கண்ணாடி முழுக்கக் கழுவிறாய், உந்த இடத்தை மட்டும் ஏன் சுத்திக்கொண்டு போறாய்?"

"அது திருநீறு அண்ணை."

கண்ணாடியின் உச்சியில், நட்டநடுவில், மூன்று குறி. அதன் மேல் சந்தனப் பொட்டு, காய்ந்து தடித்திருந்தது. கோயிலுக்குப் போய்வந்த வாகனத்தில் இருக்கும் திருநீற்றை நாங்கள் யாரும் அழிப்பதில்லை. கழுவும்போது கை தானாகவே விலகிப்போகும். அது அழுக்கு என்று கண்ணுக்குப் படாது. காருக்குள் இருப்பவருக்கு நடுக்கண்ணாடி மறைப்பதால் தெரியவே தெரியாது.

அண்ணை உள்ளே குனிந்து கமராவைப் பார்த்தார். "உது என்ரை சாமானில்லை. ஆனா அதுக்குத் தம்பி முறை" என்றார். வெளியே வந்து திருநீற்றைப் பார்த்தார். பிறகு போனட்டில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். நான் அப்படி அவர் சிரித்துக் கண்டு கனகாலம்.

"எங்கடை பக்ரறியிலை உதைச் சோதிக்கச் சூடு பாத்தாங்கள், குளிர் பாத்தாங்கள், மழை பாத்தாங்கள். திருநீறு ஒருத்தனும் பாக்கேல்லையடா!"

அவர் துடைத்துவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. "நீ பூட்டின கண்ணாடி. நீதான் ரீச்சருக்குச் சொல்ல வேணும்" என்று திரும்பவும் போய் ஸ்டூலில் இருந்துவிட்டார்.

ரீச்சர் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"ரீச்சர்... திருநீறு ஆர் பூசினது?"

"கோயில் ஐயர்தான், நீர் பூட்டித் தந்த அடுத்த நாள். முதல் போனட்டிலைதான் பூசினவர். கண்ணாடி வெடிச்சபடியால், இந்த முறை கண்ணாடிக்குக் காவலா இருக்கட்டும், அதின்ரை நெத்தியிலை பூசுங்கோ எண்டு நான்தான் சொன்னனான். ஏன்?"

"அது நெத்தியில்லை ரீச்சர். கண்."

அவ்வளவுதான் எனக்குச் சொல்ல முடிந்தது. அவர் என்னைப் பார்த்தார், எழும்பிப் போய்க் காரைப் பார்த்தார். என்னைத் துடைக்க விடவில்லை. தண்ணீரில் விரலை நனைத்துத் தானே மெல்ல வழித்து, அந்தத் திருநீற்றைத் தன் நெற்றியில் பூசினார். மிச்சத்தை என் நெற்றியிலும் அண்ணையின் நெற்றியிலும் பூசிவிட்டு, "கண்ணைக் கட்டிப்போட்டு வழி பார் எண்டு சொல்லியிருக்கிறன்" என்றார். பிறகு ஈரத்துணியால் அந்த இடத்தை நான் பளிச்சென்று துடைத்தேன். காரை முடுக்கினோம். விளக்கு எரியவில்லை.

"ஏறுங்கோ ரெண்டு பேரும், ஓடிப் பாப்பம்" என்றார் ரீச்சர். அண்ணையை முன்னுக்கு இருத்தி, நான் பின்னால் இருந்தேன். பருத்தித்துறைப் பக்கம் நேர் ரோட்டில் போகும்போது, கனடாவில் குளிர் எப்படி என்று கேட்க ரீச்சர் அண்ணையின் பக்கம் திரும்பினார். அந்த ஒரு கணத்தில் வெங்காயத் தோட்டத்து ஓரத்திலிருந்து ஒரு பசுமாடு ரோட்டில் ஏறியது. கீச் என்று ஏதோ கத்தியது, யாரோ பிடித்து இழுத்தது போலக் கார் நின்றது. ரீச்சரின் கால் அதற்குப் பிறகுதான் பிறேக்கில் போனது. மாடு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் அந்தப் பக்கம் நடந்தது.

அண்ணை கையை உயர்த்தி, கண்ணாடியில் இருந்த கமராவின் கறுப்புக் கூட்டை இரண்டு விரலால் தொட்டார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி.

"கண்டிட்டுதடா" என்றார். கையை எடுக்காமலே, "இப்ப நானும் கண்டிட்டன்" என்றார்.

கார்த்திகையில் தொழிற்சாலை திரும்பக் கூப்பிட்டது. ஒரு ஷிப்ட்தான், இரவு வேலை, நிரந்தரம் என்று சொல்ல முடியாது என்றார். போகும்போது முகம் தெளிந்திருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டியோ என்று அவர் கேட்பதில்லை. "மாடு நிக்குதோ?" என்று கேட்பார். ரீச்சரின் கார் வந்ததை, திருநீறு இப்போது போனட்டில் இருப்பதை, இந்தக் கிழமை பூட்டின கண்ணாடிகளை நான் சொல்வேன். சில நாள் கால்மணி நேரம்கூடக் கதைக்கிறேன்.

இன்றைக்கு மாடுகளுக்குப் பொங்கல், வேலை இல்லை. பக்கத்து வீட்டில் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு நிறம் பூசி, நெற்றியில் திருநீறு பூசுகிறார்கள். நான் கராஜைத் திறந்து சாமிப்படத்துக்கு விளக்கேற்றினேன். ஆணியில் தொங்கும் கூட்டைத் துணியால் துடைத்தேன். அதற்குத் திருநீறு பூசவில்லை. அண்ணை கேட்டால் சிரிப்பார்.

2026 தை, பட்டிப்பொங்கல் நாள்.